தண்ணி ஊத்தியாச்சா?

மோட்டார் வண்டியின் முகப்பிலிருந்து எழும்பிய ஆவியில் மஞ்சள் வாசனை அடித்தது.

பதினோரு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிற தணிகைவேலுக்கு, ரேடியேட்டர் கொதித்தால் என்ன வாசனை வரும் என்று தெரியாதா? துருவும் எண்ணெயும் சுட்ட ரப்பரும் கலந்து மூக்கைப் பொசுக்கும். இது அப்படியில்லை. அம்மியில் அப்போதுதான் அரைத்து வழித்த பச்சை மஞ்சளின் வாசனை, அந்தக் கொதிக்கிற இரும்புக்குள்ளிருந்து குளிர்ச்சியாக வந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகி உள்ளே பார்த்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையில் மடுகரையை விட்டுப் புறப்படும்போது அவனே வழிய வழிய ஊற்றியதுதான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒழுகிய தடமும் இல்லை. புழுதி உலர்ந்து கிடந்தது.

சித்திரை மாதத்து உச்சிவேளை. வண்டியின் நிழல் வண்டிக்கு அடியிலேயே ஒடுங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. காற்று இல்லாமலே அதன் தோகைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. யாரோ உள்ளே மெல்ல நடப்பது போல அந்தச் சத்தம் கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். வில்லியனூருக்கு இன்னும் ஐந்து மைல் இருந்தது.

"நைனா, வண்டி தூங்கிடிச்சா?" பின் சீட்டிலிருந்து அமிர்தம் கேட்டாள். ஆறு வயது.

"ஆமாண்டா கண்ணு. எழுப்பிடலாம்."

சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவளைப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாக வேண்டும். அங்கே அம்மை குத்துகிறார்கள். மடுகரையில் அவன் தெருவில் ஏழு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. ஏழில் இரண்டு வீட்டில் பாடை கட்டியாயிற்று. எட்டாவதாக மாமியார் வீட்டிலும் தொங்க, பெற்றவளுக்குப் பணிவிடை செய்யப் போன தையலம்மாள் அந்த வாசலைத் தாண்டி வரவில்லை. நேற்று எட்ட நின்றே புருஷனிடம் சொன்னாள்: "எப்பிடியாவது பாப்பாவக் கூட்டினு போயிடு. நம்ம வூட்டு வாசல்ல மட்டும் அது தொங்கக்கூடாது." அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தான். டவுனில் இருக்கிற பண்ணைக்காரர் நாகராஜனை அழைத்துவர வண்டி போக வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் பிள்ளையை ஏற்றிக்கொண்டான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது சரியாகத்தான் இருக்கிறது, பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது.

அவனுக்குத் தொழில் பழக்கிய சூசைநாதன், வண்டி நின்றால் செய்ய வேண்டியதைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார். வண்டியை விட்டுப் போகாதே. சக்கரத்துக்குக் கல் வை. முன்னாலும் பின்னாலும் பச்சைக் கொம்பு ஒடித்துக் கட்டு, அப்போதுதான் வருகிறவன் தூரத்திலேயே பார்த்து நிறுத்துவான். முகத்தைப் பார்த்து உதவி கேள், முகம் காட்டாதவனிடம் ஒன்றும் வாங்காதே.

தணிகைவேல் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தான். பச்சைக் கொம்புக்குச் சுற்றிலும் பார்த்தால் அந்தச் சாலையோரத்தில் ஒரே ஒரு மரம்தான் நின்றது. உச்சிவேளையில் அதில் கை வைக்க மாட்டார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு இரண்டு கொம்பு ஒடித்தான். ஒன்றை முன்விளக்கில் கட்டினான், ஒன்றைப் பின்னால் செருகினான். பிறகு சாலை நடுவே வந்து நின்றான்.

வெகுநேரம் கழித்து மணிச்சத்தம் கேட்டது. ஒற்றைக் கட்டைவண்டி. வண்டிக்குள் இரண்டு பானை, வாயில் ஈரத்துணி கட்டியிருந்தது. தண்ணீர்! தணிகைவேலுக்கு உயிர் வந்தது. கையைத் தூக்கி ஆட்டினான்.

வண்டிக்காரர் நூறு அடி தள்ளியே மாட்டை இழுத்துப் பிடித்துவிட்டார். நரைத்த மீசை. எழுந்து நின்று காரைப் பார்த்தார். காரின் முன்விளக்கைப் பார்த்தார். பின் சீட்டில் எட்டிப் பார்த்த குழந்தையைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தியாச்சா தம்பி?"

"இன்னும் இல்லண்ணே! தண்ணிக்குத்தான் காத்துக்கினு கீறோம்!"

"எத்தினி நாளாச்சி?"

நாளா? வெயிலில் கிழவருக்கு மூளை கலங்கியிருக்கும். "காலையிலதாண்ணே! ஒரே கொதி, கிட்ட கை வெக்க முடியல!"

வண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். கும்பிட்டது தணிகைவேலை அல்ல, காரை. "தாயே, கொழந்த மேல எறக்கம் வெச்சி குளுந்து போ" என்று சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பி, சாலையை விட்டு வாய்க்கால் வழியில் ஓட்டிப் போனார்.

"அண்ணே! ஒரு பானை மட்டும் குடுத்துட்டுப் போங்கண்ணே!"

பத்தடி ஓடினான். பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று திரும்பி வந்தான். மணிச்சத்தம் கரும்புக்குள் தேய்ந்துபோயிற்று.

அடுத்து கூடைக்காரிகள் மூன்று பேர் வந்தார்கள். காரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சாலையிலிருந்து இறங்கி, முள்ளில் கால் பட்டாலும் பரவாயில்லை என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரமாகவே போனார்கள். அவன் கூப்பிடக் கூப்பிட ஒருத்தியும் நிற்கவில்லை.

"நைனா," அமிர்தம் ஜன்னலில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்டாள், "நம்ம வண்டிக்கு அம்மா வந்துருக்காங்களா?"

"இன்னாடி சொல்ற?"

"எதிர்வூட்ல கட்டுன மாதிரியே கட்டிக்கீற."

அவன் முன்விளக்கைப் பார்த்தான்.

வேப்பங்கொம்பு.

அம்மை போட்ட வீட்டு வாசலில் தொங்குவது போல, கொத்தாக, தலைகீழாக, அவன் கையாலேயே கட்டியது. தண்ணி ஊத்தியாச்சா என்று கிழவர் கேட்டது ரேடியேட்டருக்கு அல்ல. அம்மை முத்து இறங்கின பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற தண்ணீர். இன்னும் இல்லை என்று சொன்னான். காத்துக்கொண்டிருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னான். யாரிடம் சொன்னோம் என்று நினைத்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. வீட்டு வாசலில் தொங்கக்கூடாது என்று சத்தியம் செய்தவன், பிள்ளையின் தலைமாட்டிலேயே கொண்டுவந்து கட்டிவிட்டான்.

இரண்டு கொம்பையும் பிய்த்துக் கரும்புக்குள் வீசி எறிந்தான். கைகளை வேட்டியில் துடைத்தான். துடைத்தும் கசப்பு வாசனை போகவில்லை.

தோகைச் சத்தம் நின்றது.

மஞ்சள் வாசனை வந்தது. இந்தத் தடவை வண்டியிலிருந்து அல்ல.

"கூப்ட்டுட்டு ஏம்பா பிச்சிப் போட்ற?"

பின்னால் ஒரு பெண் நின்றாள். மஞ்சள் நனைத்த புடவை, மோவாய் வரை இழுத்துவிட்ட முக்காடு, இடுப்பில் ஒரு மண்குடம். புடவை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் புழுதி நனையவில்லை.

"நான்... நான் யாரையும் கூப்புடலம்மா."

"தண்ணிக்குக் காத்துக்கினு கீறேன்னியே."

முகம் காட்டாதவனிடம் ஒன்றும் வாங்காதே. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் குடத்தைச் சாய்த்துவிட்டாள். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் சீறும். சீறவில்லை. குழந்தை பால் குடிப்பது போல ரேடியேட்டர் குளுக் குளுக்கென்று குடித்தது. நிறைந்து வழிந்த பிறகும் குடம் குறையவில்லை.

"ஓட்டிப் பாரு."

கிளம்பிவிட வேண்டும். எப்படியாவது கிளம்பிவிட வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை வண்டியின் முகப்பில் செருகிக் குனிந்து சுழற்றினான். குனிந்தால் எதிரே ரேடியேட்டரைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. எஞ்சின் இருமியது, அடங்கியது.

பின்கதவு திறக்கிற சத்தம்.

"உம் பேரு இன்னா கண்ணு?"

"அமிர்தம்."

"கழுத்து வெறுங்கழுத்தா கீதே. இன்னா வேணும் சொல்லு."

"அமிர்தம், பேசாத!" கத்தினான். அந்த நேரம் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவன் குரல் அந்த இரைச்சலில் மூழ்கிவிட்டது. ஆனால் மகளின் குரல் மட்டும் பக்கத்தில் பேசுவது போலக் கேட்டது.

"முத்து மால."

"எத்தினி முத்து?"

"வாணாம்னு சொல்லுடி! வாணாம்னு சொல்லு!"

"நெறைய," என்றாள் அமிர்தம்.

பின்பக்கம் ஓடினான். கதவு சாத்தியிருந்தது. சாலையில் யாரும் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பிள்ளை சீட்டு மூலையில் ஒட்டிக்கொண்டு, வேறு யாருக்கோ இடம் விட்டது போல உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான். சுத்தமாக இருந்தன. கல்லை உதைத்துத் தள்ளினான், ஏறினான், ஓட்டினான்.

திரும்பிப் பார்க்கவில்லை. வில்லியனூர் ஐந்து மைல்தான். அதைத் தாண்டினால் புதுச்சேரி. ஆஸ்பத்திரி. ஊசி. எல்லாம் சரியாகிவிடும். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மிதித்தான். வண்டி கொதிக்கவில்லை. அந்த வெயிலில் அது ஜில்லென்று ஓடியது.

"நைனா, குளுருது."

"இதோ வந்துட்டோம்."

"கழுத்து கனமா கீது நைனா."

அவன் இன்னும் அழுத்தி மிதித்தான்.

வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினான். மனிதர்கள்! பெட்டிக்கடை, சைக்கிள், சுருட்டுப் புகை. அழுகை வந்தது அவனுக்கு. கேட்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டே வண்டியை நோக்கி வந்தார். பாதி தூரத்தில் நின்றார். அவர் பார்வை முன்விளக்குக்குப் போயிற்று. பின் சீட்டுக்குப் போயிற்று. கொடி கீழே விழுந்தது. இரண்டு கையும் தானாக எழும்பித் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டன.

முன்விளக்கில் வேப்பங்கொம்பு தொங்கியது. பச்சையாக. ஈரமாக.

தணிகைவேல் மெல்லத் திரும்பினான்.

அமிர்தத்தின் கழுத்தைச் சுற்றி, ஊசியில் கோத்தது போல, ஒரே வரிசையில், ஒரே அளவில், பளபளவென்று முத்துகள் எழும்பியிருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசையின் ஓரத்தில் இன்னொன்று எழும்பியது. பக்கத்தில் காலியாக இருந்த சீட்டின் தோல், யாரோ உட்கார்ந்திருப்பது போலக் குழிந்து, நனைந்திருந்தது.

அவன் கை நீட்டினான். பிள்ளை தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள்.

"தொடாத நைனா. ஆடாம இருக்கச் சொல்றாங்க. இன்னும் கோத்து முடியலியாம்."