மூன்று பக்கக் கடிதம்

அக்கா அமெரிக்காவில் படிப்பதற்காக ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். மதிப்பெண் சான்றிதழ், கட்டுரை எல்லாம் அனுப்பியாயிற்று. கணினித் திரையில் அவற்றுக்கு நேராகப் பச்சைக் குறி இருந்தது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இல்லை.

"அது என்னக்கா?" என்று கேட்டாள் தங்கை சுண்டு. அவளுக்குப் பத்து வயது.

"பரிந்துரைக் கடிதம். நான் எப்படிப்பட்ட பொண்ணுன்னு எங்க வேதியியல் சார் எழுதணும். பல்கலைக்கழகத்துலேர்ந்து அவருக்கு மின்னஞ்சல் போயிருக்கும். அது வழியாத்தான் அனுப்பணும். நாளைக்குத்தான் கடைசி நாள்."

"நீயே எழுதக் கூடாதா?"

"என்னைப் பத்தி நானே எழுதினா யார் நம்புவாங்க?"

"அப்போ நான் எழுதட்டுமா?"

"ஐயையோ, ஆளை விடு!"

சுண்டு விடவில்லை. "சார்கிட்ட கேட்டியா?"

"ஒரு மாசம் முன்னாடியே கேட்டேன். சரின்னார். திரும்பப் போய் நின்னா தொல்லைன்னு நினைப்பாரு. எழுத இஷ்டமில்லையோ என்னமோ."

மறுநாள் பள்ளி விட்டதும் சுண்டு நேராக வேதியியல் ஆய்வகத்துக்குப் போனாள். ஆசிரியர் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், எங்க அக்காவைப் பத்தி எழுத உங்களுக்கு இஷ்டமில்லையா?"

குழாய் அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "யார் சொன்னது? எழுதி மூணு வாரம் ஆச்சு!" இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "உங்க அக்காதான் வாங்கிக்க வரவே இல்லை. வேற யார்கிட்டயோ வாங்கிட்டா போலன்னு நினைச்சேன்."

"எத்தனை பக்கம் சார்?"

"மூணு."

"எங்க அக்காவைப் பத்தியா? மூணு பக்கத்துக்கு என்ன சார் இருக்கு?"

"அதை நீயும் படிக்கக் கூடாது, அவளும் படிக்கக் கூடாது."

சுண்டுவின் விரல்கள் துறுதுறுத்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதைக் கையில கொடுக்கக் கூடாதாம் சார். உங்களுக்கு மின்னஞ்சல் வந்திருக்குமாம்."

"எதுவும் வரலையே!"

"ஸ்பேம்ல பாருங்க சார். எங்க அப்பாவுக்கு முக்கியமானதெல்லாம் அங்கதான் போய் ஒளிஞ்சுக்கும்."

மேசைக் கணினியைத் திறந்து பார்த்தார். தள்ளுபடிச் செருப்புக்கும் வழுக்கைத் தலை எண்ணெய்க்கும் நடுவில் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் உட்கார்ந்திருந்தது.

ஆசிரியர் ஒற்றை விரலால் கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். சுண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். டொக்... டொக்... மூன்று பக்கம் முடிய ஒரு மணி நேரமாயிற்று.

தங்கையைத் தேடி அக்கா மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றபோது, ஆசிரியர் கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

"போயிடுச்சும்மா!"

"சார்... நீங்க எழுத மாட்டீங்கன்னு நினைச்சுட்டேன்."

"நீ வர மாட்டேன்னு நான் நினைச்சேன். ரெண்டு பேருக்கும் வாய் இருந்தும் கேட்கலை, பார்த்தியா!"

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "சார் என்ன எழுதியிருந்தார்? எட்டிப் பார்த்தியா?"

"சத்தியமா இல்லைக்கா. ஆனா அடிக்கும்போது ரெண்டு தடவை அவர் தனக்குள்ளேயே சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு இடத்துல, 'கெட்டிக்காரப் பொண்ணு'ன்னு முணுமுணுத்தார்."

அக்கா சுண்டுவின் புத்தகப் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, துள்ளி நடந்தாள்.