நூற்றெழுபது கிலோ

"மிஸ், நான் பொய் நிறை எழுதல. எழுதினேன்னு ரிப்போட் போனா என் லைசன்ஸ் போயிடும்," என்றான் ஷிஃபான்.

காப்புறுதி விசாரணை அதிகாரி வினோஜா பேனாவை மூடிவைத்துக் கேட்டாள். மாத்தளை நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடிக்கு ஜெனரேட்டர் ஏற்ற வேண்டும். சந்துக்குள் கிரேன் நுழையாது என்பதால் ஹெலிகொப்டர் வந்திருந்தது. சுமை கட்டும் ஷிஃபான் நேற்று அதை உக்குவளை லொறித் தராசில் நிறுத்து, தொள்ளாயிரம் கிலோ என்று எழுதிக் கொடுத்தான். இன்று காலை கொக்கியில் தூக்கியதும் விமானியின் மீட்டர் ஆயிரத்து எழுபது காட்டியது. எழுதியதைவிட அதிகம் என்று அவர் அப்படியே இறக்கிவிட்டார்.

"தராசுக்காரன்தான் கள்ளன்!" என்றான் வினோஜாவின் உதவியாளன் பஸ்லி. எந்த வழக்கிலும் ஐந்து நிமிடத்தில் ஒரு கள்ளனைப் பிடித்துவிடுவது அவன் வழக்கம்.

"லொறித் தராசு, கொக்கி மீட்டர் ரெண்டும் சரி. நானே சோதிச்சேன்," என்றான் ஷிஃபான்.

ஜெனரேட்டர் இரவு முழுக்க ஆஸ்பத்திரிக் களஞ்சிய வளவில் நின்றிருந்தது; இன்று விமானி இறக்கியதும் அங்கேதான். அவர்கள் அங்கே போனபோது நிர்வாகி தவமணிதேவி ஷிஃபானைப் பார்த்ததுமே பொரிந்து தள்ளினார்.

"மனுஷ உயிரோட விளையாடுறீங்களா?"

பஸ்லி ஜெனரேட்டரின் பக்க மூடிகளைக் கழற்றிக் கல்லும் இரும்பும் தேடினான். சட்டைதான் கறுப்பானது. "டீசல் மீட்டரும் பூச்சியம், மிஸ்."

வினோஜா பெட்டரியைப் பார்த்தாள். பறக்கவிருந்த சுமை என்பதால் வயர்கள் கழற்றப்பட்டிருந்தன. பிறகு களஞ்சியக்காரரைக் கூட்டிக்கொண்டு களஞ்சியத்துக்குள் போனாள். டீசல் பெரல்கள் வரிசையாக நின்றன. வரிசையின் ஓரத்தில், தூசி படிந்த தரையில், தூசியே இல்லாத ஒரு வட்டம்.

"பெட்டரி கழட்டினா அந்த மீட்டர் எப்பவும் பூச்சியத்துலதான் நிக்கும், பஸ்லி. ஒரு பெரல் டீசல் இருநூறு லீட்டர். நிறை எவ்வளவு?"

பஸ்லி தொலைபேசியைத் தட்டினான். "நூத்தெழுபது கிட்ட." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

வினோஜா டேங்க் மூடியைத் திறந்தாள். கழுத்துவரை டீசல். எல்லோரும் களஞ்சியக்காரரைப் பார்த்தார்கள். அவள் மட்டும் தவமணிதேவியைப் பார்த்தாள்.

"இவர் சொந்தமா ஊத்தியிருக்க மாட்டாரு. ஓடர் யாரோடது, மேடம்?"

தவமணிதேவிக்கு முகம் வெளுத்தது. "நான்தான். இங்க எந்த டேங்கும் காலியா நிக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். டீசலுக்கு ஊரே கியூவில நின்ன காலத்துல, ஒரு புள்ளையோட ஓப்பரேஷன் நடுவுல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர்ல சொட்டு இல்ல. டோர்ச் வெளிச்சத்துல தைச்சாங்க. அந்தப் புள்ள பொழைக்கிற வரைக்கும் நான் தூங்கல."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. நேரே விமானியிடம் போனார். "ரிப்போட்ல அந்தப் பையன் பேர வெட்டிட்டு என் பேர எழுதுங்க. பிழை என்னோடது."

காலையிலிருந்து விறைப்பாக நின்ற ஷிஃபான் அப்போதுதான் உட்கார்ந்து அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டீசலை இறக்கினான்.

கடைசிச் சொட்டு வடிந்ததும் விமானி வந்தார். "இப்ப நிறை எவ்வளவு?"

"தொள்ளாயிரம், சேர்."

"எழுதிக் குடு," என்று சொல்லிவிட்டு, விமானி தலைக்கவசத்தை மாட்டினார்.