எங்கேயோ ஒழுகுகிறது

இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “ஒருவாட்டி ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க.” மோட்டார் ஓடவில்லையா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. டிவி தெரியவில்லையா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. மூட்டுவலி என்று போனால் டாக்டரும் நம்மைப் படுக்கவைத்து அதைத்தான் செய்வார் போலிருக்கிறது. தொட்டுப் பார்ப்பது கிடையாது. குனிந்து பார்ப்பது கிடையவே கிடையாது. கோளாறு எங்கே என்று தேடுகிறவனைக் கண்டால் பைத்தியக்காரன் மாதிரி பார்க்கிறார்கள்.

குழாய்க்காரர் தேடித் தேடியே தலை நரைத்தவர். நாற்பத்திரண்டு வருடம் அடுத்தவர் வீட்டுச் சுவர்களில் காதை வைத்து, எந்தச் செங்கல்லுக்குப் பின்னால் தண்ணீர் கசிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டியவர். யார் சொன்னாலும் நம்பமாட்டார், தானே பார்த்தால்தான் நம்புவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு மாதமாக ஒரு விஷயம் பிடிபடவில்லை. வீட்டில் போனில் நெட் ஓடுகிறது. டிவியில் ஓடுகிறது. மேசைமேல் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும் நகரமாட்டேன் என்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிவைத்தது மாப்பிள்ளை. எட்டு மாதத்துக்கு முன்னால், மகளுக்குப் பிரசவம் பார்க்க மனைவியைக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போன அன்று, அவரே வயர் எல்லாம் மாட்டிவிட்டுச் சொன்னார்: “மாமா, இதை மட்டும் அணைக்காதீங்க. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கட்டும்.” மூன்றே மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போன மனைவி வரவில்லை. குழாய்க்காரரையும் அங்கேயே அழைத்துக்கொள்வதாகப் பேச்சு நடந்தது. “எப்ப?” என்று கேட்டால் மாப்பிள்ளை, “வேலை நடந்துக்கிட்டே இருக்கு மாமா, இன்னும் கொஞ்சந்தான்” என்பார். தினமும் மாலை நான்கு மணிக்குத் திரையில் மனைவியின் முகம் வரும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது அந்த முகமும் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கமும் வார்த்தை ஒரு பக்கமுமாக நின்றுபோகிறது.

ஐந்து தடவை போன் போட்ட பிறகு, ஒரு மத்தியானம் நெட்காரர் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார். ஐம்பது வயது, நல்ல தொந்தி.

“ஐயா, லிஃப்டு இல்லாத வீட்டுல இருக்கறவங்களுக்கு நெட்டு எதுக்குங்க? ஒரு புறா வளத்தா போதாதா?”

“புறாவா இருந்தா ஒழுங்கா வந்து சேந்திருக்கும். நீ வேலையைப் பாருப்பா.”

நெட்காரர் வயரை மாற்றினார். நெட் பெட்டியின் பின்னால் வேறு துளையில் சொருகினார். தன் லேப்டாப்பை அதே வயரில் மாட்டினார், பறந்தது. திரும்பக் கம்ப்யூட்டரில் மாட்டினார், படுத்துக்கொண்டது. ஏதேதோ தட்டி ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்தார். அதில் ஒரு எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் விளையாட்டுப் பேச்சு நின்றது.

“உள்ள வர்றதுல பிரச்சினை இல்லீங்க. வெளிய போறதுதான் ரோட்டை அடைச்சிக்கிட்டு நிக்குது. இது எதையோ அனுப்பிக்கிட்டே இருக்கு.”

“நான் எதையும் அனுப்பலயே.”

“நீங்க அனுப்பல. அது அனுப்புது. எட்டு மாசக் கணக்கு இதுல இருக்கு, ராப்பகலா, ஒரே இடத்துக்கு. இந்த ஒரு மாசமாத்தான் ரொம்ப அதிகம்.” நெட்காரர் திரையை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். “உங்க மக எந்த ஊருன்னு சொன்னீங்க?”

சொன்னார். நெட்காரர் வயர்களைச் சுருட்டிப் பையில் போட்டார்.

“அப்ப போறது அங்கதான். இது உங்க வீட்டு விவகாரம். நான் தலையிடக் கூடாது.”

“ஏய், என்ன போகுதுன்னாவது சொல்லிட்டுப் போ.”

“அது தெரியாதுங்க. இந்த நம்பரைப் பாத்துக்கிட்டே ஒவ்வொண்ணா நிறுத்துங்க. எதை நிறுத்தினா இது இறங்குதோ, அங்கதான் ஓட்டை.”

“வால்வை மூடி மீட்டரைப் பாக்கற மாதிரி.”

“அதேதான்” என்று வாசலில் இருந்தே சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக அவர் படியிறங்கிப் போனார்.

இது குழாய்க்காரருக்குத் தெரிந்த வேலை. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டர் சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே வெள்ளை வெயில். ஜன்னல் திரைச்சீலை அசையவில்லை, தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்திய சத்தம் நெடுநேரம் கழித்து வந்தது போல வந்து அடங்கியது, கம்ப்யூட்டருக்குள் சின்ன மின்விசிறி தூங்குகிறவன் மூச்சு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த ஒரு வாசனை அதன் பின்பக்கத்திலிருந்து அவர் முகத்தில் வந்து பட்டது.

திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினார். எண் இறங்கவில்லை. திரைக்கு மேலிருந்த கேமராக் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டினார். இறங்கவில்லை. மைக்கின் வயரைப் பிடுங்கி மேசைமேல் போட்டார். இறங்கவில்லை. “திருட்டுப் பயலே” என்று திட்டினார்.

எண் குபுக்கென்று ஏறியது.

பேசாமல் உட்கார்ந்தார். எண் நிதானத்துக்கு வந்தது. இருமினார். ஏறியது. மைக் மேசைமேல் கிடந்தது, அதன் வயர் எதிலும் சொருகப்படவில்லை. வலது கையை மெதுவாகத் தூக்கினார். ஏறியது. கேமராக் கண்மேல் பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் திரை தெரியும், ஒதுங்கி நின்றால் திரைக்கு அவரைத் தெரிய வழியில்லை. சுவருக்குப் பின்னால் நின்று ஒரு காலைத் தூக்கி இறக்கினார், எட்டிப் பார்த்தார். எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தற்செயல் என்று நினைத்தார். இன்னொரு தடவை செய்தார். பிறகு எதையும் செய்யாமல், வெறுமனே நின்று, மனத்தை வேறு பக்கம் திருப்பலாம் என்று முதன்முதலாகத் தனியாகப் பார்த்த வேலையை நினைத்துக்கொண்டார். ஒரு வக்கீல் வீடு. மாடியறைச் சுவரை உடைத்ததும் உள்ளேயிருந்து வந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை. அந்த வாசனை வந்தால் மனசு நிறைந்துவிடும் அவருக்கு.

எண் இதுவரை போகாத உயரத்துக்குப் போயிற்று. பிறகு சட்டென்று தணிந்தது.

அந்த வாசனையைத் திரும்ப நினைத்துப் பார்த்தார். வரவில்லை. சுவர் இருந்தது. உடைத்த கை இருந்தது. வாசனை இருந்த இடம் துடைத்த பலகை மாதிரி இருந்தது. வக்கீலின் முகத்தைத் தேடினார். அதுவும் இல்லை. அது எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை. இந்த எட்டு மாதத்தில் எது எது நினைவுக்கு வரவில்லையோ, அதையெல்லாம் வயசு என்று தள்ளிவிட்டிருந்தார்.

மூச்சைப் பிடித்தார்.

எண் இறங்கியது. இறங்கிக்கொண்டே வந்தது. மார்பு அடைத்து, காது ரீங்கரித்து, இனி முடியாது என்று அவர் மூச்சை விட்ட நொடியில் துள்ளி ஏறியது.

அப்போது மணி நான்கு. அழைப்பு வந்தது.

கை தானாகப் போய் ஏற்றுக்கொண்டது. மனைவியின் முகம் வந்தது, பேச வாயெடுத்தது, அப்படியே உறைந்தது. படம் நின்றுவிட்டது. ஆனால் சத்தம் வந்துகொண்டிருந்தது. குழந்தையின் சிணுங்கல். ஒரு நாற்காலி இழுபடும் ஓசை. பிறகு மனைவியின் குரல், அவரை நோக்கியில்லாமல் வேறு பக்கம் திரும்பி, தாழ்ந்து:

“என்னங்க, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. அவரு இன்னும் லைன்லதான் இருக்காரு.”

குழாய்க்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் ‘என்னங்க’ என்று கூப்பிட்டிருக்கிறாள். மாப்பிள்ளை அவளுக்குத் ‘தம்பி’. மகள் ‘ஏய்’. இப்போது அந்த ‘என்னங்க’ அந்த அறையில் யாருக்கோ போயிருந்தது. ‘அவரு’ என்பது இவருக்கு வந்திருந்தது.

“யாரு அங்க?” என்றார். மைக் வயர் இன்னும் மேசைமேல்தான் கிடந்தது.

உறைந்த முகம் அசையாமலே பதில் சொன்னது. “யாருமில்லையே. நாங்கதான்.”

நாங்க. நாம என்று சொல்லவில்லை. வீடு கட்டிய போதும், கட்டிய வீட்டை விற்ற போதும், மகளைக் கொடுத்த போதும் அவள் வாயிலிருந்து வந்தது ‘நாம’தான். சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தபோதுகூட, “நாம பேச வேணாம்” என்றுதான் சொல்வாள்.

“நாங்கன்னா யாரு யாரு?”

“எதுக்கு இப்ப துருவுறீங்க? உடம்பப் பாத்துக்கோங்க.”

“உனக்குத் தெரியுமா? இந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னு உனக்குத் தெரியுமா?”

ஒரு பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சு அவருக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் ஏதாவது செய்துவிட்டு மாட்டிக்கொண்டால் வருவது.

“நீங்க அங்க தனியா கஷ்டப்படுறீங்கன்னுதான்…” என்று இழுத்தாள். “நீங்க ஒரேயடியா இங்க வந்துட்டா தாங்காதாம். கொஞ்சங் கொஞ்சமாத்தான் வரணுமாம்.”

பின்னாலிருந்து மாப்பிள்ளை: “மாமா, இன்னும் கொஞ்சந்தான். முடியப்போகுது.”

“சரிங்க மாப்பிள்ளை, அவசரமில்லை” என்று அந்த அறையிலிருந்து ஒரு குரல் சொன்னது.

கரகரப்பு. கடைசி வார்த்தையை விழுங்குகிற பழக்கம். அவருடைய சொந்தக் குரல்.

குழாய்க்காரர் நெட் வயரைப் பிடுங்கினார்.

கையில் வயர். திரையில் எண். ஏறியது. ஏறியது. மகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன தெரு. போயிற்று. அம்மாவின் கை. போயிற்று. எதையும் நினைக்காதே. நினைக்காதே என்று நினைத்தார். அதுவும் போயிற்று.

பிறகு எண் இறங்கியது. அவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். இருந்தும் இறங்கியது. பூஜ்யம்.

ஒரு மாதமாக நொண்டிய படம் தெளிந்தது. அவ்வளவு தெளிவாக அவர் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. குழந்தையின் நெற்றியில் பூனைமுடி தெரிந்தது. மகளின் கன்னத்தில் கண்ணீர் தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மனைவி ஒரு தோளில் சாய்ந்திருந்தாள். அந்தத் தோளுக்குரிய ஆள் எழுந்தார். சிரமப்பட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குழாய்க்காரரின் அதே முகத்தோடு திரையை நோக்கி வந்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, திரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். ஒழுக்கு தேடுகிறவர் கேட்பது மாதிரி.

“நின்னுபோச்சு” என்றார். “இனி ஒண்ணுமில்ல அங்க.”

“அப்ப அணைச்சிடலாமா, என்னங்க?” என்றாள் மனைவி.

திரை அணைந்தது.

குழாய்க்காரர் நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிவைத்தார். “எல்லாம் கம்ப்யூட்டர் வித்தை. யாரை ஏமாத்தப் பாக்கறாங்க? மூஞ்சிய மாத்தறான், குரலை மாத்தறான், டிவிலதான் தினம் காட்டறானே” என்று சொல்லிக்கொண்டார். நேரே போய் அந்த நெட்காரரைச் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. ஆள் நடமாடினால் தானாக எரிகிற விளக்குதான் திருப்பத்துக்குத் திருப்பம். அவர் இறங்கினார். எரியவில்லை. அடுத்த திருப்பம். எரியவில்லை. கையை ஆட்டிப் பார்த்தார். “இதுவும் பழுது. இந்தக் கட்டடத்துல உருப்படியா ஒண்ணுண்டா?”

கீழே வெளிச்சம் வந்தது. நாலாவது மாடி டீச்சரம்மா, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஏறி வந்தாள். அவள் வர வர ஒவ்வொரு விளக்காக எரிந்தது. அவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். விளக்கு இப்போது அவர் தலைக்கு நேர்மேலே எரிந்தது. டீச்சரம்மாவின் கண் அவர்மேல் விழுந்தது, நிற்காமல் சுவருக்குப் போய்விட்டது.

“ஆமாக்கா, மூணாவது மாடி காலியாத்தான் இருக்கு. பெரியவரா? மக வீட்டுக்கு நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாராம். இப்பத்தான் அந்தம்மாவே போன் பண்ணிச் சொன்னாங்க. அவரும் பேசினாரு, குரல் நல்லாத்தான் இருந்துச்சு.”

அவள் மேலே ஏறிப் போனாள். விளக்குகள் அவள் பின்னாலேயே ஒவ்வொன்றாக அணைந்தன.

“யாரு போய்ச் சேந்தது?” என்றார் குழாய்க்காரர். “பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?”

மேலே செருப்புச் சத்தம் நிற்கவில்லை. அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டு, விளக்குப் போட்டவனையும் கட்டடம் கட்டியவனையும் திட்டியபடி, இருட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். ஒரு விளக்கும் எரியவில்லை.