பஸ்பூஸா மேல் பழி

“எலி! எலி! ஊரே கேளுங்க! இந்த வீட்டு எலி என் புறாக்குஞ்சைத் தின்னுடுச்சு!”

செவ்வாய்க்கிழமை காலை ஷெஹாதா மாமா மொட்டை மாடியில் நின்று போட்ட கூச்சலில் எங்கள் தெருவே விழித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. கீழே ஃபூல் பயறு விற்கும் வண்டிக்காரர் கரண்டியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்.

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் பிரஷ்ஷோடு அப்படியே மாடிக்கு ஓடினேன். ஏனென்றால் ‘இந்த வீட்டு எலி’ என்றால் என் எலிதான்.

என் பெயர் ரீஹாம். வயது பதினொன்று. கெய்ரோவில் ஷுப்ரா பகுதியில், ஆறாவது மாடியில் எங்கள் வீடு. அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே ஒரு பக்கம் ஷெஹாதா மாமாவின் உயரமான மரப் புறாக்கூடு. இன்னொரு பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் உள்ள சின்ன அறையில், நான் எலி வளர்க்கிறேன்.

எலி என்றதும் மூக்கைப் பிடிக்காதீர்கள்! என் எலிகள் சாக்கடை எலிகள் அல்ல. வெள்ளை உடம்பு, தலையில் பழுப்பு முக்காடு. இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பாம்புக்குத் தீனியாக விற்க வைத்திருந்த இரண்டு எலிகளை நான் அழுது அடம்பிடித்து வாங்கி வந்தேன். “இரண்டும் அக்கா தங்கை” என்றார் கடைக்காரர். மூன்றே வாரத்தில் அந்தத் தங்கை ஒன்பது குட்டி போட்டாள். அக்கா உண்மையில் அண்ணன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து கவனமாக இருக்கிறேன். ஆணுக்குத் தனிக் கூண்டு, பெண்ணுக்குத் தனிக் கூண்டு. வருஷத்துக்கு ஒரே ஒரு தாய்க்குத்தான் பிரசவம். குட்டி கேட்பவர்களுக்கு இரண்டாகத்தான் கொடுப்பேன், ஒற்றை எலி ஏங்கிப்போகும். ஒவ்வோர் எலிக்கும் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. பெயர், பிறந்த நாள், பிடித்த தின்பண்டம். கீழே அதன் முன்னங்கால் தடமும் பின்னங்கால் தடமும். செம்பருத்திச் சாற்றில் காலை நனைத்து, தாளில் மெதுவாக ஒற்றி எடுப்பேன். சாறு மிச்சமானால் என் தம்பி ஸியாத் சர்க்கரை போட்டுக் குடித்துவிடுவான். அவனுக்கு ஆறு வயது. எதையும் குடிப்பான்.

இந்த வருஷம் பஸ்பூஸா என்ற எலியின் முறை. திங்கட்கிழமைதான் பதினொரு குட்டி போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நுனி அளவு, ரோஜா நிறம், கண்கூடத் திறக்கவில்லை.

சரி, மாடிக்கு வருவோம்.

ஷெஹாதா மாமா புறாக்கூட்டின் முன்னால் நின்றார். கையில் நாலைந்து சின்ன இறகுகள். அவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் டிராம் மணி மாதிரிதான் இருக்கும்.

“ரெண்டு குஞ்சு போச்சு! நேத்து இருந்துச்சு, இன்னிக்கு இல்ல! உன் எலி எங்க?”

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அறைக் கதவைத் திறந்து காட்டினேன். “எண்ணிப் பாருங்க மாமா. பெரிசு ஆறு, குட்டி பதினொண்ணு. எல்லாம் கூண்டுக்குள்ளதான் இருக்கு.”

“தின்னுட்டுத் திரும்பி வந்து உக்காந்திருக்கும்!”

“கூண்டுக் கதவைத் திறந்துட்டுப் போய், தின்னுட்டு வந்து, உள்ள இருந்து கொக்கி போட்டுக்கிச்சா?”

“எலி புத்திசாலின்னு நீதானே எல்லார்கிட்டயும் பீத்திக்கிறே!”

அது உண்மைதான். பீற்றிக்கொண்டது நான்தான்.

திடீரென்று எனக்கு வேறொன்று தோன்றியது. “மாமா, அந்த இர்ஸா...”

அவ்வளவுதான். மாமாவின் பெரிய கை என் வாயைப் பொத்திவிட்டது.

இர்ஸா என்பது கீரிக்குத் தங்கை மாதிரி, நீளமாக, பழுப்பாக இருக்கும் ஒரு பிராணி. எங்கள் ஊரில் நின்றுகொண்டிருக்கும் கார்களுக்கு அடியிலெல்லாம் ஓடும். அதைத் திட்டினால் அதற்குக் காது கேட்கும், தேடி வந்து பழிவாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். சின்ன வயதில் ஷெஹாதா மாமா அதை ஒரு தடவை திட்டினாராம். மறுநாள் அவருடைய புதுப் பெருநாள் சட்டையில் பெரிய ஓட்டை விழுந்திருந்ததாம்.

மாமா நாலு மூலையையும் பார்த்துவிட்டு, சத்தமாக, “அவங்க ரொம்ப நல்லவங்க! அழகானவங்க! அவங்களைப் பத்தி இங்க யாரும் எதுவும் பேசல!” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “எலிதான்” என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. “அப்போ என் எலி பழிவாங்காதுங்கிறதால அதுமேல பழி போடுவீங்களா?”

“வெள்ளிக்கிழமை காலைல சந்தைக்குப் போறேன். இந்த எலியெல்லாம் என்னோட வருது. கட்டடத்துல எல்லாரும் சரின்னுதான் சொல்லுவாங்க.”

சந்தை என்றால் பாம்புக்காரர். அது மட்டுமில்லை, இப்போது பஸ்பூஸாவைத் தூக்கிக்கொண்டு போனால் அவள் பயந்துபோவாள். பயந்த தாய் எலி குட்டிகளைக் கைவிட்டுவிடும். பதினொன்றும் செத்துப்போகும்.

அம்மாவிடம் அழுதேன். அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள். “அவர் குஞ்சும் குஞ்சுதானே ரீஹாம். பாவம், மனசு நொந்து கத்துறார். உன் எலி தின்னலைன்னா அதைக் காட்டு. சும்மா கத்துறதுக்கு அவர் ஒருத்தரே போதும்.”

எப்படிக் காட்டுவது? நோட்டைப் புரட்டிக்கொண்டே யோசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் குட்டிக் குட்டிக் கால் தடங்கள். சட்டென்று எழுந்து சமையலறைக்கு ஓடினேன்.

அன்று மாலை மாமா மிச்சமிருந்த குஞ்சுகளை ஒரு பெட்டியில் போட்டுத் தன் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனார். அவர் போனதும், நானும் ஸியாத்தும் புறாக்கூட்டைச் சுற்றிக் கோதுமை மாவைத் தூவினோம். திருடன் நடந்தால் தடம் விழுமே!

புதன்கிழமை காலை தடம் எதுவுமில்லை. மாவே இல்லை. காற்று அத்தனையையும் வாரிக்கொண்டு போய், கொடியில் காய்ந்த அம்மாவின் கறுப்பு அங்கியில் அப்பியிருந்தது.

“இது என்னடி, என் அங்கிக்கு வயசாயிடுச்சா? நரைச்சுப் போய் நிக்குது!” என்றாள் அம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை நான்தான் துவைத்தேன். துவைத்ததில் அன்றைய பொழுது போய்விட்டது.

வியாழக்கிழமை. ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

இந்தத் தடவை அம்மாவின் பெரிய அடுப்புத் தட்டைக் கேட்டு வாங்கினேன். மாவை அதில் மெல்லிசாகப் பரப்பினேன். மாடிக்கு எடுத்துக்கொண்டு போனால் மாமா புறாக்களுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, இதை உங்க கூட்டுக்குள்ள ஒரு மூலையில வைக்கட்டுமா?”

“எதுக்கு?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“வச்சுக்கோ. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை. அதை மறந்துடாதே.” இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டுக்குள் குனிந்து பார்த்தேன். பின் மூலையில் ஒரு பலகை வளைந்து, இரண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு இருந்தது.

“இதுல எது நுழையும்? பூனைகூட நுழையாது” என்றார் மாமா.

நுழையும் என்று எனக்குத் தெரியும். என் முதல் குட்டிகள் மூன்று வாரத்தில் கூண்டுக் கம்பி வழியாக நழுவிப்போய், அம்மாவின் பருப்பு டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தன. அன்று கற்றுக்கொண்டேன். இந்த மாதிரிப் பிராணிகளுக்குத் தலை நுழைந்தால் போதும், உடம்பு பின்னாலேயே வந்துவிடும். தட்டை அந்த இடுக்குக்கு நேர் கீழே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் மாடிக்குப் போனபோது, மாமா ஏற்கனவே அங்கே நின்றார். தோளில் ஈச்சமட்டைக் கூடை. என் எலிகளுக்குத்தான்.

“மாமா, ஒரே நிமிஷம்!”

தட்டை வெளியே இழுத்தேன். மாவில் தடம் இருந்தது! இடுக்கிலிருந்து இறங்கி, சுற்றிச் சுற்றிக் குஞ்சைத் தேடி, திரும்ப இடுக்குக்கே போன தடம்.

“பாத்தியா? எலி!” என்றார் மாமா.

நான் நோட்டைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “இது பஸ்பூஸாவோட முன்னங்கால். விரலை எண்ணுங்க மாமா.”

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

அடுத்த பக்கம். “நாலு.” அதற்கடுத்த பக்கம். “நாலு.” ஆறு பக்கத்தையும் விடாமல் பார்த்தார்.

“எலிக்குப் பின்னங்கால்ல அஞ்சு விரல். முன்னங்கால்ல நாலுதான் பதியும். இப்போ தட்டுல எண்ணுங்க.”

மாமா நெடுநேரம் எண்ணினார். முன்னால் ஐந்து. பின்னால் ஐந்து. எங்கே பார்த்தாலும் ஐந்து.

ஸியாத் தன் கையை விரித்துப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. “எனக்கும் அஞ்சு! அக்கா, நான் தின்னல!”

மாமாவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினார். பிறகு கூடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இது எலி இல்ல” என்றார்.

“அப்போ யாரு மாமா?”

அவர் நாலு மூலையையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “ஒரு... நல்ல பெண்மணி.”

“அந்த நல்ல பெண்மணி வர்ற வழியை அடைச்சிடலாமா?”

“ஐயோ, வேண்டாம்! அவங்க மனசு நோகும். எங்கிட்ட இருக்கிறதே ரெண்டு நல்ல சட்டை.”

“நீங்க அடைக்க வேண்டாம். நான் அடைக்கிறேன்.”

குட்டிகள் தப்பிக்காமல் இருக்க என் கூண்டுகளுக்குப் போட்ட கம்பிவலையில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. என் சுண்டுவிரல்கூட நுழையாத வலை. மாமா ஆணி எடுத்துக் கொடுத்தார், நான் அடித்தேன். அடித்து முடித்ததும், மாமாவின் நிம்மதிக்காக, இடுக்கைப் பார்த்துப் பணிவாகச் சொன்னேன். “அக்கா, இதை அடைச்சது ரீஹாம். மாமா இல்ல. உங்களை யாரும் திட்டவும் இல்ல.”

“கீழ கார்கிட்ட தினமும் மீன் தலை வைக்கிறோம்னு சொல்லு” என்றான் ஸியாத்.

“நல்ல யோசனை, நல்ல யோசனை” என்றார் மாமா அவசரமாக. “மீன் தலை என் பொறுப்பு.”

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார். நான் வழியை மறித்து நின்றேன்.

“மாமா, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. செவ்வாய்க்கிழமை ஊரே கேட்கிற மாதிரி என் எலியைத் திட்டினீங்க.”

“அதுக்குத்தான் இப்போ ஒத்துக்கிட்டேனே, பொண்ணே.”

“எனக்கு மட்டும்தானே கேட்டுச்சு. எவ்வளவு சத்தமா திட்டினீங்களோ, அவ்வளவு சத்தமா சொல்லணும்.”

ஷெஹாதா மாமா என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, மாடிச் சுவர் ஓரம் போய், டிராம் மணி மாதிரி கத்தினார்.

“ஊரே கேளுங்க! ரீஹாமோட எலி எதுவும் என் குஞ்சைத் தின்னல! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்! தங்கமான எலிங்க!”

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. யாரோ கைதட்டினார்கள்.

கீழேயிருந்து பயறு வண்டிக்காரர் கத்தினார். “அப்போ தின்னது யாரு ஷெஹாதா?”

ஸியாத் உற்சாகமாக வாயைத் திறந்தான். மாமாவின் கை பறந்து போய் அதைப் பொத்தியது.

“யாரும் தின்னல!” என்று கத்தினார் மாமா. “குஞ்சு தானா பறந்து போயிடுச்சு!”

“சிறகே முளைக்கலியே!”

“அதுக்கு அவசரம்! உன் வேலையைப் பாருய்யா!”

தெருவே சிரித்தது. அம்மாவின் சிரிப்புச் சத்தம் ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து தனியாகக் கேட்டது.

படியிறங்கும்போது மாமா திரும்பிப் பார்க்காமலே கேட்டார். “அந்தக் குட்டி பெரிசானா, எனக்கு ஒண்ணு தருவியா?”

“ஒண்ணு தர மாட்டேன் மாமா. ரெண்டு.”

பிறகு நான் தொட்டி அறைக்குள் போனேன். பஸ்பூஸா காகிதக் கூட்டுக்குள் சுருண்டு படுத்துக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு என்று தொடாமலே எண்ணினேன். நோட்டை எடுத்து அவளுக்கான பக்கத்தில் எழுதினேன்: ‘வெள்ளிக்கிழமை. குட்டிகள் பதினொன்று. யார் மேலும் எந்தக் குற்றமும் இல்லை.’