எதிர்த்து வாக்களிக்கவும்

காலை எட்டரை மணி. வேலைக்கு வந்த, அறிக்கைகளைச் சரிபார்ப்பவர் போட்ட கூச்சலில் மாடியே அதிர்ந்தது. அவருடைய சக ஆய்வாளர் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் பாதி குடித்த காப்பி. கணினித் திரையில், நேற்று மாலை அவர் பெயரில் வெளியான அறிக்கை: ‘எதிர்த்து வாக்களிக்கவும்.’

“காப்பியில விஷம்,” என்றார் மருத்துவர்.

இன்ஸ்பெக்டர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பங்குதாரர்களுக்கு வாக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் இது. பெரிய முதலீட்டாளர்கள் அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை; அது சொன்னபடி அவர்களுடைய கணினிகளே வாக்கைப் போட்டுவிடும். பதினோரு மணிக்கு ஒரு ரசாயன ஆலையின் பொதுக்கூட்டம். அங்கே பாய்லர் வெடித்துக் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், தெரிந்தவர்களின் பங்குகளையெல்லாம் திரட்டித் தீர்மானம் கொண்டுவந்திருந்தாள். மிச்சமிருக்கும் பாய்லரை வெளியாள் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதைத்தான் எதிர்க்கச் சொன்னது திரையிலிருந்த அறிக்கை.

நிறுவனத்தின் முதலாளியை விசாரித்தார்.

“இந்த மாடிக்கு வருவீங்களா?”

“வரவே கூடாதும்மா. நான் கம்பெனிகளுக்கு யோசனை விக்கிற பக்கம். அந்த ஆலையும் நம்ம வாடிக்கைதான். அதனாலதான் ரெண்டுக்கும் நடுவுல சுவர் வைக்கச் சொல்லுது சட்டம். மாடிக் கதவு அவங்க ரெண்டு பேர் விரலுக்கு மட்டும்தான் திறக்கும்.”

அடுத்து சரிபார்ப்பவர். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

“ஊமைக்கோட்டான்னுதான் அவனைக் கூப்பிடுவேன் மேடம். முடிவு என்னன்னு கடைசிவரைக்கும் மூச்சு விடமாட்டான். அந்தம்மாவுக்கு எதிரா எழுதவேண்டி வந்தது மனசை அறுத்திருக்கும். தானே குடிச்சிட்டான்.”

“அவர் போன் எங்க?”

“படிக்கட்டுப் பக்கம் பெட்டியில. எழுதும்போது சேதி கசியக் கூடாதுல்ல? வரும்போதே போட்டுடணும்.”

“வெளியிடறது எப்படி?”

“எழுதி முடிச்சதும் போனை எடுத்துட்டு வருவோம். அதுல ரகசிய எண் வரும். அரை நிமிஷத்துக்குள்ள கணினியில அடிக்கணும். அப்புறம் போனோட வீட்டுக்குக் கிளம்பவேண்டியதுதான்.”

இன்ஸ்பெக்டர் நடைபாதையின் அந்தக் கோடிவரை நடந்தார். பெட்டிக்குள் ஒரே ஒரு போன், இறந்தவருடையது. ஓடினாலும் அரை நிமிடத்தில் போய்த் திரும்ப முடியாது. திரும்பி வந்து சரிபார்ப்பவரின் எதிரே உட்கார்ந்தார்.

“எண்ணை அடிக்கும்போது போன் இந்த மேசையில இருந்திருக்கணும். அடிச்சிட்டு அவர் விஷம் குடிச்சிருந்தா இங்கயேதான் கிடக்கணும். பெட்டிக்கு எப்படிப் போச்சு? செத்தவர் எழுந்துபோய்ப் போட்டாரா?”

சரிபார்ப்பவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“நீங்கதான் கொன்னீங்க. எடுத்த போனை இங்கயே விட்டிருந்தா நானும் தற்கொலைன்னு நம்பியிருப்பேன். கிளம்பும்போது கையில அவர் போன், எதிர்ல பெட்டி. பல வருஷப் பழக்கம், கை தானாப் போட்டிருக்கு.”

“ஆதரிச்சுத்தான் எழுதியிருந்தான். நான் மாத்தினேன்,” என்றார் சரிபார்ப்பவர். “ஆலையில பெரிய உத்தியோகம் தர்றதாச் சொன்னாங்க.”

இன்ஸ்பெக்டர் பங்குச்சந்தை ஆணையத்துக்குப் பேசினார். கூட்டம் தொடங்குமுன் வாக்குகள் செல்லாதென்று அறிவித்து, கூட்டத்தைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள். சந்தோஷமாகவே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“பத்து நாளும் பாய்லர் ஓடுமா மேடம்?”

“அதை நிறுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா.”

“என் தம்பி இப்பதான் வேலைக்கு உள்ள போனான்,” என்றாள் அவள்.