அடுத்த பகுதி எப்போ?

பதிவை வெளியிடும் முன்பே அதற்கு முதல் பின்னூட்டம் வந்து காத்துக் கிடந்தது.

செல்வதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான். பதிவு இன்னும் வரைவில்தான் இருந்தது. கடைசிப் பத்தியைக்கூட அவன் முடிக்கவில்லை. ஆனால் அவன் அனுமதித்தால்தான் மற்றவர் கண்ணில் படும் பின்னூட்டங்களின் வரிசையில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘மீ த ஃபர்ஸ்ட்டு!’ பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கடலோரக்காரி’.

கடலோரக்காரி என்பது ரெஜிஷா தன் வலைப்பூவுக்கு வைத்திருந்த பெயர். அவளுக்குத்தான் அவன் அஞ்சலி எழுதிக்கொண்டிருந்தான்.

எப்போதோ அனுப்பியது எங்கோ சிக்கிக் கிடந்து இப்போது வந்து சேர்ந்திருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு அதை நீக்கினான். உயிரோடு இருந்தவரை அவன் எதை எழுதினாலும் முதல் ஆளாக வந்து ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ போட்டவள் அவள்தான். அவன் வீட்டுப் பூனை குட்டி போட்டதை எழுதியபோதும் போட்டாள்.

ஐப்பசி மழை மத்தியானத்திலிருந்தே விடாமல் பெய்துகொண்டிருந்தது; மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனால் அடுக்களையை ஒட்டிய சாய்ப்பு அறையில் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் மட்டும்தான் வெளிச்சமாக இருந்தது, ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் தகரத் தொட்டியில் விழும் சத்தமும் வாழை இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும் சேர்ந்து, யாரோ பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பதைப் போல ஓயாமல் கேட்டது. மனைவி பிரிஜா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குளச்சலில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தக்கலையில் இந்த வீட்டில் அவன் தனியாக இருந்தான்.

காலையில் சுயம்புராஜ்தான் கூப்பிட்டுச் சொன்னான். மாவட்டத்துப் பதிவர்களை ஒன்றுகூட்டிச் சந்திப்பு நடத்துகிறவன் அவன்.

“மக்கா, விஷயம் தெரியுமா? நம்ம ரெஜிஷா போயிட்டா.”

“எந்த ரெஜிஷா?”

“கடலோரக்காரி, மண்டைக்காட்டுக்காரி. மாப்பிள மஸ்கட்ல. பொறவாசல்ல கதவுல சாஞ்சு உக்காந்தமேனிக்கு இருந்திருக்கா. வெள்ளிக்கிழம அந்திக்கு. நெஞ்சுவலின்னு சொல்லுகாவ. இருவத்தேழு வயசுலே! நேத்து அடக்கமும் பண்ணியாச்சு.”

செல்வதாஸ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“அஞ்சலி நீதான் எழுதணும் கேட்டியா. அவ எழுத்த ஒண்ணு விடாம வாசிச்சது நீ ஒருத்தன்தான். எல்லா பதிவுலயும் உன் பின்னூட்டம் கெடக்குலா.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. “எழுதுகேன்” என்றான்.

கல்யாண வீட்டில் மொய்ச் சுருள் வைப்பதைப் போலத்தான் பதிவுலகத்தில் பின்னூட்டம். நீ எனக்கு வைத்தால் நான் உனக்கு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முகம் கறுக்கும். ரெஜிஷா அவனுக்குத் தவறாமல் வைத்தாள். ஆகையால் அவள் புதிதாக ஏதாவது எழுதினால், அலுவலகத்தில் டீ ஆறுவதற்குள் அவனும் போய் ‘அருமை. தொடருங்கள் :)’ என்று போட்டுவிட்டு வந்தான். நாற்பது பேருக்கு அப்படிப் போட்டான். தலைப்பைப் பார்ப்பான். ‘புறவாசல் – 1’, ‘புறவாசல் – 2’ என்று எண் போட்டிருந்ததால் தொடர்கதை என்று எடுத்துக்கொண்டான். உள்ளே ஒரு வரிகூட வாசித்ததில்லை.

கன்னியாகுமரி கடற்கரையில் நடந்த சந்திப்பில் ஒரே ஒரு முறை அவளை நேரில் பார்த்தான். ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக அவன் பக்கத்தில் வந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“அண்ணா, நான் எழுதுனத வாசிச்சியளா? புறவாசல்?”

“பின்ன? வாசிக்காம பின்னூட்டம் போடுவனா? சூப்பரா போகுது.”

அவள் அவன் முகத்தையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு அவள் கண் நிறைந்துவிட்டது. “அப்போ உங்களுக்குத் தெரியும்லா. ஒரு ஆளுக்காவது தெரியும்னா போதும்ணா, எனக்குப் பயம் இல்ல” என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் குட்டு உடைந்துவிடும். சிரித்து, தலையை ஆட்டி, இன்னொரு முந்திரிக்கொத்து எடுத்துக்கொண்டான்.

இப்போது அஞ்சலியின் கடைசிப் பத்தியை எழுதினான். ‘அவரது புறவாசல் தொடரின் ஒவ்வொரு வரியையும் நான் வாசித்திருக்கிறேன். அந்த எழுத்தின் ஈரம் என்னை விட்டு அகலாது.’ எழுதும்போதே காது மடல் சுட்டது. ஆனாலும் ‘ஈரம்’ நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கப்பட்டான். வெளியிட்டான்.

பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. ‘கண் கலங்கிவிட்டது செல்வா.’ ‘இப்படி ஒரு வாசகர் கிடைக்க அவர் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.’ அவன் இதுவரை எழுதிய எதற்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஒவ்வொன்றாக அனுமதித்துக்கொண்டே போனான்; எண்ணிக்கை ஏற ஏற மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு, ஒரு சந்தோஷம், சீ என்று அதை அடக்கினாலும் வாலாட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

நடுவில் ஒன்று வந்தது.

‘கடலோரக்காரி: அண்ணா, நாலாவது பாகத்துல அது கதவ எப்படித் தட்டுச்சு?’

எவனோ விளையாடுகிறான், செத்தவள் பெயரில் கும்மியடிக்கும் சவம் என்று வாய்விட்டுத் திட்டினான். நீக்கினான்.

அப்போது புறவாசலில் ஒரு சத்தம் கேட்டது.

பட். ஒரே ஒரு தடவை. சாய்ப்பை விட்டு இறங்கினால் அடுக்களை, அடுக்களைக்கும் நடுவீட்டுக்கும் இடையிலிருக்கும் நடையில்தான் புறவாசல் கதவு. அந்தப் பக்கமிருந்து சத்தத்தோடு ஒரு வாடையும் வந்தது, சாளை மீன் அலசிய தண்ணீரை வெயிலில் வைத்தால் வருமே, அந்த வாடை, ஆனால் இன்றைக்கு வெயிலும் இல்லை, வீட்டில் மூன்று நாளாக மீனும் இல்லை. காற்றில் வாழை சாய்ந்து கதவில் இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

நடுவீட்டில் சார்ஜில் கிடந்த செல்போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தான். நடையைக் கடக்கும்போது கதவைப் பார்க்கவில்லை. பிரிஜா.

“சாப்பிட்டியளா? பொறவாசல் கதவு அடச்சியளா? மழைத்தண்ணி உள்ள வரும், கேட்டியளா.”

“அடச்சுதான் கெடக்கு.”

“என்ன ஒரு மாதிரி பேசுகிய?”

சொல்ல ஆரம்பித்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வாசிக்காமலே வாசித்தேன் என்று சொன்னதிலிருந்து. பிரிஜா அந்த அஞ்சலியைத் தன் தங்கச்சிக்கெல்லாம் காட்டியிருப்பாள். “ஒண்ணும் இல்ல, சளி” என்று சொல்லி வைத்துவிட்டான். போனைச் சார்ஜிலேயே போட்டுவிட்டுத் திரும்பினான். நடைத் தரை நனைந்திருந்தது. கதவுக்கு உள்பக்கம்.

திரையில் அடுத்தது காத்திருந்தது.

‘கடலோரக்காரி: வாசிக்கலன்னு சொல்லிருங்கண்ணா. எல்லார்கிட்டயும். அவ்வளவுதான்.’

அதற்குக் கீழே இரண்டே பொத்தான்கள். அனுமதி. நீக்கு. அனுமதித்தால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். சுயம்புராஜ் பார்ப்பான். கண் கலங்கியவர்கள் எல்லாம் காறித் துப்புவார்கள். செத்த பெண்ணின் பெயரில் பேர் வாங்கினவன் என்று மாவட்டம் முழுக்கப் பேசும். அவன் விரல் வெகுநேரம் நின்றது.

நீக்கினான்.

பட்.

இந்தத் தடவை வாழை இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவளுடைய வலைப்பூவைத் திறந்தான். முதன்முதலாக வாசித்தான்.

முதல் பாகம்: ‘அந்திக்குப் புறவாசலில் சாளை கழுவிவிட்டு உள்ளே வந்து கதவை அடைத்தேன். வெளியே யாரோ தட்டினார்கள். திறந்தால் யாரும் இல்லை. இது கதை இல்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.’ கீழே அவன்: ‘அருமை. தொடருங்கள் :)’

நான்காம் பாகம்: ‘விரலை மடக்கித் தட்டுவதில்லை. உள்ளங்கையால். ஈரக் கையால். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் அது காத்திருக்கும். வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.’ கீழே அவன்: ‘அருமை. தொடருங்கள் :)’

ஏழாம் பாகம். வெள்ளிக்கிழமை எழுதியது. ‘மாமி வேளாங்கண்ணிக்குப் போயிருக்காங்க. நான் மட்டும்தான். இன்றைக்கு அது உள்ளே வரும் என்று தோன்றுகிறது. செல்வதாஸ் அண்ணா, நீங்கள் வாசிப்பீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். தக்கலையிலிருந்து பக்கம்தானே. அந்திக்குள்ளே யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்க.’

அதன் கீழே, அது வெளியான மறு நிமிடமே, வேறு எவரும் வருவதற்கு முன்பு, அவன்.

‘கலக்கல்! அடுத்த பகுதி எப்போ? :)’

அவனுக்கு அழுகை வந்தது. பயத்தால் இல்லை. அந்த டீ ஞாபகம் வந்தது. ஆறுவதற்குள் குடித்த டீ. பக்கத்து மேசைக்காரனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே அந்தப் பின்னூட்டத்தைத் தட்டியிருந்தான். அவள் அதைப் பார்த்திருப்பாள். அந்தி மயங்கும் வரை அவன் வருவான் என்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

தாழ்ப்பாள் அசைந்தது.

முன்கதவுக்குப் போக வேண்டுமானால் அந்த நடையைத் தாண்ட வேண்டும். செல்போன் அதற்கு அந்தப் பக்கம். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

இருந்த இடத்திலிருந்து அவனால் முடிந்தது ஒன்றுதான். புதிய பதிவைத் திறந்தான்.

‘என் வீட்டுப் புறவாசலில் யாரோ நிற்கிறார்கள். இது கதை இல்லை. ரெஜிஷா எழுதியதும் கதை இல்லை. நான் அதை வாசிக்கவே இல்லை. பொய் சொன்னேன். தக்கலைப் பக்கம் யாராவது இருந்தால் உடனே வாருங்கள்.’

வாசித்துப் பார்த்தான். அந்த வேளையிலும், அந்த வாடை அடுக்களைக்குள் வந்துவிட்ட பிறகும், இரண்டு வரி அவனுக்கு இடித்தது. வாசிக்கவே இல்லை. பொய் சொன்னேன். உதவிக்கு அது எதற்கு? ஆள் வந்தால் போதாதா?

அந்த இரண்டு வரியை மட்டும் அழித்தான். வெளியிட்டான்.

காத்திருந்தான்.

தாழ்ப்பாள் விழுந்தது. மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. கதவு திறந்தால் கேட்பதுபோல்.

முதல் பின்னூட்டம் வந்தது. ‘ஆகா! அஞ்சலியையே திகில் கதையாக்கிவிட்டீர்களே. அவருக்கு இதைவிட மரியாதை வேறில்லை.’

இரண்டாவது. ‘மயிர்க்கூச்செறிகிறது. புறவாசல் – 8 என்று தலைப்பு வைத்திருக்கலாம்.’

‘டேய் கதை இல்லை’ என்று தட்டினான். விரல் வழுக்கியது.

சுயம்புராஜ். ‘சூப்பர் மக்கா. அவ கதைய நீதான் முடிக்கணும்னு இருக்கு. தொடரு :)’

அடுக்களையில் ஈரப் பாதம் தரையை விட்டுப் பிரியும் சத்தம். ஒன்று. நின்றது. இன்னொன்று.

திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை. வெட்கம். பயத்தைவிட வெட்கம். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

வாடை கழுத்தில் பட்டது.

திரையில் பின்னூட்டப் பெட்டி தானாகத் திறந்தது. கர்சர் மினுங்கியது. அவன் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. வெளுத்து, ஊறி, நகக்கண்களில் சாளைச் செதில் ஒட்டிய கை. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டியது. விசைகளில் தண்ணீர் தேங்கியது.

அருமை.

தொடருங்கள்.

பிறகு அந்த விரல் நின்று, யோசித்து, ஒரு சிரிப்பையும் சேர்த்தது.