இருபதாயிரம் பேருக்கு ஒரு ‘டேய்!’

மிரே சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் பேஸ்பால் பார்க்கப் போனாள்.

வாசலில் டிக்கெட் பார்க்கும் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“சைக்கிளை எங்க விட்டே?”

“சைக்கிள்ல வரலைக்கா. மெட்ரோவுல வந்தோம்.”

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. “கழட்டிடு கண்ணு. எல்லாரும் பார்க்கறாங்க.”

“பார்த்துட்டுப் போகட்டும் அண்ணா. தலை அவளோடது,” என்றாள் ஓக்ரான் அத்தை. அத்தை கையில் வறுத்த கோழிப் பெட்டி இருந்தது. அது சூடாக இருந்ததால் வாதத்தை நீட்ட அவளுக்கு நேரமில்லை.

மிரேவுக்குப் பத்து வயது. போன வருடம் மே மாதம் பூசான் நகரின் இதே மைதானத்தில், ஆட்டக்காரர் ஓடி முதலில் தொடும் ‘முதல் தளம்’ இருக்கும் இதே பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மட்டையில் பட்ட பந்து ஒன்று தவறி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்து வந்தது. பந்து வருகிறது என்று எச்சரிக்க ஊழியர்கள் விசில் ஊதினார்கள். மிரே நிமிர்ந்து பார்ப்பதற்குள் பக்கத்து நாற்காலியின் கைப்பிடி ‘டக்’ என்று உடைந்து இரண்டாகத் தொங்கியது. அவளுடைய முழங்கைக்கும் அந்தக் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான்.

அன்றிலிருந்து அவளுக்கு விசில் சத்தம் ஆகாது. பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதினால்கூடத் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள். வகுப்பில் சிரிப்பார்கள். ஆசிரியரும் ஒரு முறை சிரித்துவிட்டார்.

அப்பாவுக்கு நூலகத்தில் வேலை. பயந்த இடத்துக்கே திரும்பப் போய் உட்கார்ந்தால் பயம் தெளியும் என்று ஏதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். அதனால்தான் அதே பக்கத்தில் மூன்று டிக்கெட் வாங்கியிருந்தார்.

“அந்தப் புத்தகம் எழுதினவர் எங்க உட்கார்ந்து எழுதினாராம்?” என்று அத்தை கேட்டாள்.

அப்பா டிக்கெட்டில் நாற்காலி எண்ணைத் தேடினார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் மிரே முதலில் கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தன. போன வருடமும் அப்படித்தான் இருந்தன.

முன் வரிசையில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சாயம் போன அணிச் சட்டை. இடது கையில் தோல் கையுறை. கையுறையின் கயிறு எப்போதோ அறுந்துபோய், அந்த இடத்தில் மீன் பிடிக்கும் நரம்பைக் கோத்துக் கட்டியிருந்தார். அவர் திரும்பி மிரேவின் ஹெல்மெட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“நல்ல யோசனை. எனக்குத் தோணாமப் போச்சே,” என்றார்.

மிரேவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

ஆட்டம் தொடங்கியது. நூலகத்தில் ஈ பறந்தால்கூட உதட்டில் விரல் வைத்து ‘உஷ்’ என்பவர் அப்பா. இங்கே அவர் வேறு ஆள். எழுந்து நின்று, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்தப் பகுதிக்கே அவர்தான் குரல் கொடுத்தார். அவர் தொடங்கினால் முப்பது வரிசை சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது சுற்றில் நம் அணி ஆள் ஒருவர் முதல் தளத்தில் நின்றார். எதிரணிப் பந்துவீச்சாளர் மட்டைக்காரருக்கு வீசாமல், திடீரென்று முதல் தளத்துக்கு வீசினார். நம் ஆள் பாய்ந்து படுத்து, பந்து வருவதற்குள் தளத்தைத் தொட்டு அவுட் ஆகாமல் தப்பினார். மறுபடியும் வீசினார். மறுபடியும் பாய்ந்தார்.

“டேய்!” என்று மைதானம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது. மிரேவின் நாற்காலி அதிர்ந்தது.

“ஏம்பா இப்படிக் கத்தறீங்க?”

“நம்ம ஆளைச் சும்மா சும்மா மிரட்டறான்ல? ‘என்னடா பண்றே’ன்னு நாமதானே கேட்கணும்?” என்றார் அப்பா. “நீயும் கத்திப் பாரு.”

மிரே வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

ஒவ்வொரு முறை விசில் கேட்டபோதும் அவள் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தாள். ஐந்து சுற்றுகளில் ஒன்பது முறை. அத்தை ஒவ்வொரு முறையும் அவள் முதுகில் கை வைத்து, “போயிடுச்சு, போயிடுச்சு,” என்றாள்.

பத்தாவது விசில் ஆறாவது சுற்றில் வந்தது. அது மிகப் பக்கத்தில் கேட்டது. மிரே குனிய நினைத்தாள். கழுத்து அசையவில்லை. வெள்ளையாக ஒன்று வெயிலிலிருந்து பிரிந்து, பெரிதாகி, நேராக அவள் முகத்துக்கு வந்தது. அத்தை வீறிட்டது கேட்டது.

‘பட்!’

மிரேவின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் ஒரு தோல் கையுறை மூடியிருந்தது.

முன் வரிசைக்காரர் நாற்காலியின் மேல் ஏறி, உடம்பைப் பின்னால் வளைத்துப் பிடித்திருந்தார். அவர் கையுறைக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பந்து அங்கேதான் இருந்தது. அவர் முகம் சின்னப் பையன் முகம் போல ஆயிற்று.

மிரேவுக்கு மூச்சு திரும்பி வருவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். கைகளைத் தூக்கித் தாளம் போட்டார்.

“புள்ளைக்குக் கொடு! புள்ளைக்குக் கொடு!”

பூசான் மைதானத்தில் அது ஒரு வழக்கம். பெரியவர்கள் யார் பந்தைப் பிடித்தாலும் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் வரை கூட்டம் விடாது.

பத்து வரிசை சேர்ந்துகொண்டது. பிறகு முப்பது. முரசு அடிப்பவரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ளைக்குக் கொடு! புள்ளைக்குக் கொடு!”

“அண்ணா, நிறுத்து!” அத்தை அப்பாவின் சட்டையை இழுத்தாள். “அந்த ஆளு பிடிக்கலைன்னா இவ மூக்கு இருந்திருக்காது. அவர்கிட்டயே பிடுங்கறியா?”

“பிடுங்கலை, கேட்கறோம். பந்தைக் கையில வாங்கிட்டா இவ பயம் போயிடும்!”

“இருபதாயிரம் பேர் கேட்டா அதுக்குப் பேரு கேட்கறதா?”

பின் வரிசையில் தொப்பி போட்ட ஒருவர், “பெரிய மனுஷா, வெட்கமா இல்ல? குழந்தைக்கு ஒரு பந்து கொடுக்க மனசு வரலையா?” என்று கத்தினார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர், “பிடிச்சவருக்குத்தான்யா பந்து! விடுங்க!” என்றார்.

“உங்க வீட்டுல குழந்தையே இல்லையா?”

“மூணு இருக்கு! மூணுக்கும் பந்து நான் கடையிலதான் வாங்கினேன்!”

மைதானத்தின் பெரிய திரையில் ஒரு படம் வந்தது. கையுறையை மார்போடு அணைத்துக்கொண்ட ஒரு மனிதர். அவருக்குப் பின்னால் சிவப்பு ஹெல்மெட்டில் ஒரு சிறுமி. அந்தச் சிறுமி தான்தான் என்று புரிய மிரேவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வேணாம்பா,” என்றாள். அப்பாவுக்குக் கேட்கவில்லை. தலையை வேகமாக ஆட்டினாள். திரையில் ஹெல்மெட் இடமும் வலமும் ஆடியது. “அச்சோ, வெட்கப்படுது பாரு!” என்று யாரோ சிரித்தார்கள். கோஷம் இன்னும் உயர்ந்தது.

மிரே முன் வரிசைக்காரரைப் பார்த்தாள். அவர் காதுகள் சிவந்திருந்தன. தோள்கள் மேலே ஏறி, கழுத்து உள்ளே போயிருந்தது. விசில் கேட்டால் அவளும் அப்படித்தான் ஆவாள். அவர் பயந்துபோயிருந்தார். இவ்வளவு பெரிய ஆள்.

அவர் எழுந்து திரும்பினார். வாய் மட்டும் சிரித்தது. பந்தை நீட்டினார்.

“இந்தா பாப்பா. வாங்கிக்கோ.”

அவர் கட்டைவிரல் பந்தின் சிவப்புத் தையலை இன்னும் தடவிக்கொண்டிருந்தது.

“நீங்க வச்சுக்கோங்க மாமா,” என்றாள் மிரே.

“பரவாயில்ல. வாங்கிக்கோ. இல்லேன்னா இவங்க விட மாட்டாங்க.” அவர் குரல் தாழ்ந்தது. “பதினொரு வயசுலருந்து வர்றேன். இது மூணாவது கையுறை. இன்னிக்குத்தான் ஒண்ணு மாட்டுச்சு. பிடிச்சாச்சுல்ல, அது போதும்.”

போதாது என்று அவர் முகம் சொன்னது.

மிரே கையை நீட்டினாள். போன வருடம் கைப்பிடியை உடைத்தது இப்படி ஒன்றுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

மைதானம் ஆர்ப்பரித்தது. அப்பா குதித்தார்.

மிரே கண்ணைத் திறந்தாள். பந்தைத் திரும்ப அவர் கையுறைக்குள் வைத்தாள். இரண்டு கைகளாலும் கையுறையை அழுத்தி மூடினாள். ஹெல்மெட் முன்னால் சரியும் அளவுக்குக் குனிந்து வணங்கினாள்.

கைதட்டல் பாதியில் நின்றது. “ஊஊ...” என்று ஓர் ஓசை சுற்றி வந்தது. தூரத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. பந்து இன்னும் பெரியவரிடம் இருப்பது மட்டும் தெரிந்தது. முரசு மறுபடியும் தொடங்கியது.

“புள்ளைக்குக் கொடு! புள்ளைக்குக் கொடு!”

அவர் தோள்கள் மறுபடியும் மேலே ஏறின.

மிரே தன் நாற்காலியின் மேல் ஏறினாள். கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். இந்த மைதானத்துக்குள் நுழைந்ததிலிருந்து அவள் ஒரு முறைகூட ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியதில்லை. எந்த நேரமும் பந்து வரலாம். முதுகுக்கு ஹெல்மெட் கிடையாது.

அவள் திரும்பினாள். மேலே மேலே வரிசைகள். எல்லா வரிசையிலும் வாய்கள். முதல் வாய் அப்பாவுடையது.

நம்ம ஆளைச் சும்மா சும்மா மிரட்டினால் நாமதானே கேட்கணும்?

மிரே மூச்சை இழுத்தாள்.

“டேய்!”

இந்தத் தடவை காற்று மட்டும் வரவில்லை. கிறீச்சென்று, உடைந்துபோன குரலில், அது பத்து வரிசைக்காவது கேட்டது. கேட்காதவர்கள் திரையில் பார்த்தார்கள். சிவப்பு ஹெல்மெட்டுக்குக் கீழே அந்த வாய் என்ன சொன்னது என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர்கள் கத்துகிற சொல் அது.

அப்பா கைகளைத் தூக்கியபடியே நின்றார். தாளம் அவர் கையில் உறைந்துவிட்டது.

முரசு நின்றது. இருபதாயிரம் பேரைப் பார்த்து ‘டேய்’ என்று சொல்லிவிட்டாள். இனி என்ன செய்வார்கள்?

முதலில் கண்ணாடிக்காரர் சிரித்தார். பிறகு தொப்பிக்காரரும் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாக மேலே ஏறியது. முரசு அடிப்பவர் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். திரையில் படம் மாறி, அடுத்த மட்டைக்காரர் பெயர் வந்தது. கோஷம் திரும்பவில்லை.

அத்தை மிரேவை இடுப்போடு பிடித்துக் கீழே இறக்கினாள்.

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். “என்னையா ‘டேய்’னு சொன்னே?”

மிரே யோசித்தாள். பொய் சொல்ல முடியவில்லை. “எல்லாரையும்தாம்பா. உங்களையும் சேர்த்துத்தான்.”

அப்பா முன் வரிசையைப் பார்த்தார். பிறகு எழுந்து, கையுறைக்காரரிடம் குனிந்து வணங்கினார். “மன்னிச்சுக்கோங்க. என் பொண்ணு மூக்கைக் காப்பாத்தினீங்க. அதுக்கு நன்றிகூடச் சொல்லாம நான் வேற எதையோ கத்திட்டிருந்தேன்.”

“அதனால என்னங்க. நானும் எத்தனையோ தடவை சேர்ந்து கத்தியிருக்கேன்,” என்றார் அவர். “இந்தப் பக்கம் நின்னு கேட்டாத்தான் தெரியுது, எவ்வளவு சத்தம்னு.” அவர் பெயர் தால்சு என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தை அவருக்கு ஒரு கோழிக்கால் கொடுத்தாள். கையுறையைக் கழற்றாமலே அவர் அதைத் தின்றார்.

பின் வரிசையில் வாதம் ஓயவில்லை.

“அந்தக் கோஷம் இல்லேன்னா பெரியவங்க குழந்தைங்களை மிதிச்சுட்டுப் போய்ப் பந்தைப் பொறுக்குவாங்க. அதுக்காகத்தானே வந்துச்சு?” என்றார் தொப்பிக்காரர்.

“வந்தது சரிதான். அதுக்குன்னு முரசு எதுக்குய்யா?” என்றார் கண்ணாடிக்காரர்.

எட்டாவது சுற்றில் மறுபடியும் விசில் கேட்டது. மிரேவின் தோள்கள் தாமாகவே மேலே ஏறின. ஆனால் அவள் முழங்காலுக்குள் போகவில்லை. முன்னால் தால்சு மாமாவின் கையுறை உயர்ந்திருந்தது. அதன் ஓரமாக ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தாள். பந்து ஒரு பெரிய வளைவாகப் போய், மூன்று பகுதி தள்ளி விழுந்தது. பறக்கும் பந்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“நம்ம பக்கம் வரலை மாமா,” என்றாள்.

“பார்த்தியா? நான் பார்க்கலை. வெயில்,” என்றார் அவர்.

தூரத்தில் ஓர் உயரமான மனிதர் பந்தைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கம் ஐந்தாறு குரல்கள் தொடங்கின. “புள்ளைக்குக் கொடு!”

அப்பா பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார். மூச்சை இழுத்தார். கைகளைத் தூக்கினார். அப்படியே மிரேவைப் பார்த்தார்.

நூலகத்தில் வைப்பது போல ஒரு விரலைத் தன் உதட்டின் மேல் வைத்துக்கொண்டு, அவர் திரும்ப உட்கார்ந்தார்.

அத்தை கோழிப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

“சாப்பிடு அண்ணா. வாய்க்கு ஒரு வேலை வேணும்ல.”